காவிக்கட்டியில் ஒரு முகம்

சுண்ணக்கட்டி என்றதும் நமக்கு நினைவில் வருவது பள்ளிக்கூடத்துக் கரும்பலகையே. எழுதியதை அடுத்த பாடவேளைக்குள் துடைத்துவிடுவார்கள். அழிப்பதற்கென்றே எழுதப்படுவது அது. ஆகவே, பதினேழாம் நூற்றாண்டின் ஐரோப்பிய ஓவியர்கள் இத்தகைய கட்டிகளைக் கொண்டு தாளில் தீட்டிய மனித முகங்கள் நானூறு ஆண்டுகளைக் கடந்தும் அழியாமல் இருக்கின்றன என்று முதன்முதலாக அறிந்தபோது எனக்கு வியப்பாகவே இருந்தது. குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்ற நாள்களில், பரோக் காலத்தைப் பற்றிய பாடத்திற்குத் துணையாக நூலகத்திலிருந்து எடுத்து வந்த தடித்த படநூல் ஒன்றில் அவற்றைக் கண்டேன். பேராலயங்களின் பொன்வேய்ந்த பீடங்களையும், முகில்களின்மேல் எழும் புனிதர்களையும் பார்ப்பதற்காகவே அந்நூலை எடுத்தேன். ஆனால் என் கண்கள் நின்றுவிட்டது அதன் பிற்பகுதியில் இருந்த பழுப்பு நிறத் தாள்களின் படங்களில்தான். மூலங்களை நான் நேரில் கண்டவனல்லன். அச்சுப் படங்களையே கண்டிருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டு மேலே எழுதுகிறேன்.

அந்த ஓவியர்கள் கையாண்டவை நம் பள்ளிக்கூடத்துக் கட்டிகள் அல்ல. மண்ணிலிருந்து வெட்டியெடுத்த இயற்கைக் கற்கள் அவை. குச்சிகளாக அறுத்து, பிடியில் செருகி, முனையைத் தீட்டிப் பயன்படுத்தினார்கள். கருங்கட்டி என்பது கரி செறிந்த மென்மையான களிப்பாறை. காவிக்கட்டி என்பது இரும்பினால் சிவந்த களிமண்; நம் ஊரில் சுவருக்கும் வாசற்படிக்கும் பூசுகிறோமே, அந்தக் காவிக்கல்லின் நெருங்கிய உறவு. பிரெஞ்சு மக்கள் அதற்குக் குருதி என்னும் பொருள்படும் சொல்லிலிருந்தே பெயர் வைத்தார்கள். மூன்றாவது வெண்கட்டி, நெற்றியிலும் மூக்கு நுனியிலும் ஒளி விழும் இடங்களுக்கு அது. தாளின் பழுப்பையோ நீலத்தையோ நடுநிறமாக விட்டுவிட்டு, நிழலுக்குக் கருமை, தசைக்குக் காவி, ஒளிக்கு வெண்மை என்று மூன்றையும் ஒருங்கே கையாளும்போது முகம் தாளிலிருந்து மேலெழுந்து வருகிறது.

எண்ணெய் வண்ணத்தில் முகம் தீட்டுவதற்கு நாள்கள் வேண்டும். ஒரு பூச்சு உலர்ந்த பின்னரே அடுத்தது. எதிரே அமர்பவரோ ஆயராக இருப்பார், அரசராக இருப்பார், அல்லது அமைதியாக உட்காரத் தெரியாத சிறுவனாக இருப்பார். கட்டிக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. குழைக்க வேண்டாம், உலர்த்த வேண்டாம். முனையால் இழுத்தால் இமை. பக்கவாட்டில் தேய்த்தால் கன்னம். ஒரே அமர்வில் முடித்துவிடலாம். அந்தத் தாளைப் பட்டறைக்குக் கொண்டுபோய் அதை வைத்துப் பெரிய ஓவியத்தைத் தீட்டிக்கொள்வார்கள். எனவே இவற்றில் பல, காட்சிக்கென்று வரையப்பட்டவை அல்ல, வேலைத் தாள்கள். ஒருநாள், ஒருவர், ஒரு சில மணி நேரம் எப்படி இருந்தார் என்பதற்கு மேல் எதையும் அவை சொல்ல முற்படவில்லை.

உரோமையில் ஒத்தாவியோ லெயோனி என்றொருவர் இருந்தார். 1578-இல் பிறந்து 1630-இல் மறைந்தவர். நீலத் தாளில் கர்தினால்மார்கள், பிரபுக்கள், அவர்தம் மனைவியர், ஓவியர்கள், பெயர் தெரியாத எளியோர் என நூற்றுக்கணக்கான முகங்களைக் கட்டிகளால் வரைந்தார். ஒருவரை ஒருமுறை பார்த்துவிட்டு நினைவிலிருந்தே வரைந்துவிடும் ஆற்றல் அவருக்கு இருந்ததாக, சமகால ஓவியரான பாலியோனே 1642-இல் வெளியிட்ட நூலில் குறிப்பிடுகிறார். வரைந்த தாள்களுக்கு அவர் வரிசை எண்ணும், மாதமும் ஆண்டும் குறித்து வந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பங்கு அலுவலகத்தில் திருமுழுக்குப் பதிவேட்டைத் திறந்து, எண்ணிட்டு, நாளிட்டு எழுதிப் பழகியவன் நான். லெயோனியின் தாள்கள் ஒரு நகரத்தின் பதிவேடு போலவே எனக்குத் தோன்றுகின்றன.

அந்தப் பதிவேட்டில் கரவாஜியோவும் இருக்கிறார். 1606-இல் உரோமைத் தெருவில் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்பியோடி, 1610-இல் மாண்ட அந்த மாபெரும் ஓவியரின் முகமாக உலகம் இன்று அறிந்திருப்பது லெயோனி வரைந்த கட்டிச் சித்திரமே. இப்போது ஃபிளாரன்சு நகரில் மருச்செல்லியானா நூலகத்தில் உள்ளது. அது ஏறத்தாழ 1621-இல், அதாவது அவர் இறந்து பத்தாண்டுகளுக்குப் பின் வரையப்பட்டது. இத்தாலி யூரோவுக்கு மாறும்வரை ஒரு இலட்சம் லீரா நாணயத்தாளில் அந்த முகம்தான் அச்சிடப்பட்டிருந்தது. கலைந்த முடி, அடர்ந்த புருவம், இருண்ட கண்கள். அதைப் பார்ப்பவர் பலரும், அந்தக் கண்களில் கொலைகாரனின் கொந்தளிப்பு தெரிகிறது என்கிறார்கள். தெரிகிறதா? பெயரை மறைத்துவிட்டுக் காட்டினால், இரவில் சரியாக உறங்காத ஓர் எழுத்தர் என்று நான் சொல்லியிருப்பேன். முகத்தைப் பார்த்துக் கதையை அறிந்தோமா, கதையை அறிந்து முகத்தைப் பார்க்கிறோமா என்னும் கேள்வி எனக்குள் எழுந்தது இந்தப் படத்தின் முன்னேதான்.

சிற்பி பெர்னினி இதற்கு ஒரு விடை வைத்திருந்தார். 1665-இல், அறுபத்தாறு வயதில், பதினான்காம் லூயி மன்னரின் மார்பளவுச் சிலையைச் செதுக்கப் பாரிசுக்கு வந்த அவர், மன்னரை ஓரிடத்தில் அமர்த்தி வரையவில்லை. அமைச்சர்களோடு ஆலோசிக்கும்போதும், பந்தாடும்போதும் மன்னரைக் கவனித்து வரைந்துகொண்டார். அவரை உபசரிக்க நியமிக்கப்பட்டிருந்த ஷான்தலூ என்பவர் நாள்தோறும் எழுதிய குறிப்புகளிலிருந்து இதை அறிகிறோம். பேச வாயெடுக்கும் நொடியிலோ பேசி முடித்த நொடியிலோதான் ஒருவர் தம்மைப் போலவே இருக்கிறார் என்பது பெர்னினியின் கொள்கை. பளிங்கைச் செதுக்கத் தொடங்கியதும் அந்தத் தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டார். மன்னரை மனத்தில் பதித்துக்கொள்ளவே அவை தேவைப்பட்டன, பார்த்துப் பிரதி எடுப்பதற்கு அல்ல என்றாராம். அழகான கொள்கைதான். கர்தினால் சிப்பியோனே போர்கேசேயை அவர் காவிக்கட்டியால் வரைந்த சித்திரத்தில், கொழுத்த கன்னமும் சற்றே திறந்த உதடும் அடுத்த சொல்லுக்கு ஆயத்தமாகவே இருக்கின்றன. ஆயினும் எனக்கு ஒரு சிறு தயக்கம் உண்டு. பேச வாயெடுத்து, பின் பேசாமலே எழுந்துபோகும் முகங்களைப் பங்குக் குருவாகிய நான் நிறையவே காண்கிறேன். அவர்கள் தங்களைப் போல் இருந்த நொடி எது?

இவர்கள் எல்லாரையும்விட என் மனத்துக்கு நெருக்கமானவர் ஆன்ட்வெர்ப் நகரின் பீட்டர் பால் ரூபன்சு. திரண்ட உடல்களும் புரளும் குதிரைகளுமாக ஆலயச் சுவர்களை நிரப்பிய அந்த மனிதர், கட்டியைக் கையில் எடுத்ததும் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார். இலண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய மனைவி இசபெல்லா பிராண்டின் முகச் சித்திரம் அதற்குச் சான்று. ஏறத்தாழ 1621-இல் வரையப்பட்டது. உடையைச் சில கருங்கோடுகளோடு விட்டுவிட்டார். முகத்தில் மட்டும் காவிக்கட்டி கன்னத்திலும் உதட்டிலும் மெல்லப் படிந்திருக்கிறது. கண்களுக்கு மட்டும் எழுதுகோல் மையால் அழுத்தம். கன்னங்கள் குழிய ஒரு குறும்புச் சிரிப்பு. வரைபவரைப் பார்த்து, அதாவது கணவரைப் பார்த்துச் சிரிக்கிறார்.

1623-இல் அவர்களின் மூத்த மகள் கிளாரா செரேனா பன்னிரண்டு வயதில் இறந்தாள். 1626-இல் இசபெல்லாவும் இறந்தார்; வயது முப்பத்து நான்கு. அந்த ஆண்டு சூலையில் ரூபன்சு பிரெஞ்சு நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில், இந்த வீட்டில் கண்ணில் படுவதெல்லாம் துயரைப் புதுப்பிக்கிறது, எங்காவது பயணம் போனால் நல்லது என்னும் கருத்துப்பட எழுதினார். இவற்றை அறிந்தபின் படத்தைப் பார்த்தால், அந்தச் சிரிப்பிலும் ஒரு சோகச் சாயல் இருப்பதுபோல் படும். ஆனால் தாளில் அது இல்லை. தாளில் இருப்பவர் மூன்று பிள்ளைகளின் தாய், ஒருவரையும் இழக்காதவர். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே தாளின் பின்புறத்தில், ஆண்டுகள் பல கழித்து, ரூபன்சு தம்மையும் தம் இரண்டாம் மனைவி ஹெலெனாவையும் வரைந்திருக்கிறார். இதை நன்றிகெட்ட செயல் என்று சிலர் நினைக்கலாம். பட்டறையில் தாளை வீணாக்காதவர் என்று மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தாளை அவர் தூக்கி எறியவில்லை அல்லவா?

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய தாளுக்கு வருகிறேன். அது நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1617-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17-ஆம் நாள் வரையப்பட்டது. சீன அறிஞரின் நீண்ட அங்கியும் உயர்ந்த தொப்பியும் அணிந்த ஒருவர் நிற்கிறார். அங்கி முழுவதும் கருங்கட்டியின் அகன்ற இழுப்புகள். ஓரப் பட்டைகளில் மட்டும் நீலம். தாடி வைத்த முகம் ஐரோப்பிய முகம். அதில் காவிக்கட்டியின் மெல்லிய தொடுகை. அவர் பெயர் நிக்கோலா திரிகோ. இயேசு சபைக் குரு.

திரிகோ 1577-இல் தூவே நகரில் பிறந்தவர். ரூபன்சும் 1577-இல் பிறந்தவரே. அந்தச் சனவரி நாளில் வரைந்தவருக்கும் வரையப்பட்டவருக்கும் வயது முப்பத்தொன்பது. நம் மதுரைக்கு 1606-இல் வந்து, காவியுடுத்தித் துறவியாய் வாழ்ந்த தத்துவ போதகர் இராபர்ட் தே நொபிலியும் அதே 1577-இல் பிறந்தவர்தான். நற்செய்தி எந்த உடையில் வந்தால் மக்கள் கதவைத் திறப்பார்கள் என்னும் கேள்வி அந்தத் தலைமுறைக்கு உயிர்க் கேள்வியாக இருந்தது. சீனத்தில் மத்தேயோ ரிச்சி 1595-இல் புத்தத் துறவியின் உடையைக் களைந்து, கற்றறிந்தோரின் பட்டு அங்கியை ஏற்றார். திரிகோ அணிந்திருப்பது அந்த மரபின் அங்கி.

1611-இல் சீனத்தை அடைந்த திரிகோவை, ரிச்சிக்குப்பின் பொறுப்பேற்ற லொங்கோபார்தோ அடிகள் 1613-இல் ஐரோப்பாவுக்குத் திருப்பி அனுப்பினார். ஆள் வேண்டும், பணம் வேண்டும், நூல்கள் வேண்டும். வழியெல்லாம் ரிச்சியின் இத்தாலியக் குறிப்புகளை இலத்தீனில் பெயர்த்துக்கொண்டே வந்து, 1615-இல் ஆக்ஸ்பூர்க் நகரில் அந்நூலை வெளியிட்டார். சீன மொழியிலேயே வழிபாடு நிகழ்த்த திருத்தந்தை ஐந்தாம் பவுலிடமிருந்து இசைவும் பெற்றார். தாய்மொழி வழிபாடு நம் ஆலயங்களுக்கு வந்து சேர்ந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு என்பதை எண்ணிப் பார்த்தால், 1615-இல் கிடைத்த அந்த இசைவின் அருமை விளங்கும். அரண்மனை அரண்மனையாக ஏறி இறங்கிய அந்தப் பயணத்தில்தான் ரூபன்சின் முன் நின்றார். அக்காலத்தில் ஆன்ட்வெர்ப் இயேசு சபையாருக்குப் புதிய ஆலயம் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கெனப் புனித சவேரியாரின் புதுமைகளைப் பெரிய பீட ஓவியமாக ரூபன்சு தீட்டினார். நம் முத்துக்குளித்துறையில் நடந்து திரிந்த சவேரியாரும், கீழ்த்திசை உடைகளும் அந்நாள்களில் ரூபன்சின் மனத்தில் நிறைந்திருந்தனர்.

1618-இல் இருபதுக்கு மேற்பட்ட சபையினரோடு திரிகோ லிசுபனிலிருந்து கப்பலேறினார். காய்ச்சலால் வழியிலேயே சிலர் இறந்தனர். 1619-இல் மக்காவு சேர்ந்து, மீண்டும் சீனத்தில் உழைத்தார். சீன எழுத்துகளின் ஒலியை உரோமை எழுத்துகளில் முறையாகக் குறிக்கும் பெருநூல் ஒன்றை 1626-இல் வெளியிட்டார். பின்னர் ஒரு சொல் அவர் வாழ்வில் குறுக்கிட்டது.

கடவுளைச் சீனத்தில் எப்பெயரால் அழைப்பது? சீனரின் பழைய நூல்களில் உள்ள ஷாங்தி, அதாவது உன்னத வேந்தர், என்னும் பெயரை ரிச்சி ஏற்றிருந்தார். அது பிழையான பொருள் தரும், விலக்க வேண்டும் என்றவர் லொங்கோபார்தோ. திரிகோவை ஐரோப்பாவுக்கு அனுப்பிய அதே லொங்கோபார்தோ. திரிகோ ஷாங்தியின் பக்கம் நின்றார். 1627-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1628-இன் தொடக்கத்திலும் மறைப்பணியாளர்கள் கூடி விவாதித்தார்கள். ஒரு சொல்லுக்கு இவ்வளவா என்று கேட்கத் தோன்றும். 1578-இல் அச்சான நம் முதல் தமிழ் மறைநூல்களுள் ஒன்று ‘தம்பிரான் வணக்கம்’ என்றே பெயர் கொண்டது. பின்னர் சருவேசுரன் வந்தார். இன்று இறைவன், கடவுள், ஆண்டவர் என்கிறோம். தம்பிரான் இப்போது நம் செபங்களில் எங்கே? ஒவ்வொரு மாற்றத்தின்போதும், பழைய சொல்லைச் சொல்லி அழுது மன்றாடியவர் எவர் நெஞ்சமாவது நொந்திருக்கும். ஒரு சொல்லைத் தன் வாழ்நாள் உழைப்பால் தாங்கிப் பிடித்தவருக்கு அது வெறும் சொல் அன்று.

1628 நவம்பர் 14 அன்று ஹாங்சோ நகரில் திரிகோ இறந்தார். ஆழ்ந்த மனச்சோர்வுக்கு ஆளாகித் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். சீன மறைத்தளத்தின் மேற்பார்வையாளராக வந்த அந்திரே பல்மெய்ரோ தம் மடலில், அந்தச் சொல்லைத் தம் மனம் நிறைவுறும் வண்ணம் காத்து நிற்க இயலாமற்போன துயரமே அவரை வீழ்த்தியது என்னும் பொருள்பட எழுதினார். உடன் உழைத்தோர் இதை வெளியே பேசவில்லை. இந்நிகழ்வு மடல்களுக்குள் அடங்கியே கிடந்தது. 2003-இல், அந்தச் சித்திரம் இருக்கும் அருங்காட்சியகத்தின் ஆய்விதழிலேயே, லியாம் ப்ரோக்கி என்னும் வரலாற்றாசிரியர் அதை விரிவாக எடுத்துரைத்தார்.

குருமட நாள்களில் இந்தச் சித்திரத்தைப் பார்த்தபோது இவையொன்றும் எனக்குத் தெரியாது. சீன உடையில் நின்ற ஒரு மறைப்பணியாளரைக் கண்டேன். துணிவுள்ள மனிதர் என்று எண்ணினேன். ப்ரோக்கி எழுதியதைப் பற்றிக் கேள்விப்பட்டபின் மீண்டும் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். கண்களின் ஓரத்தில் ஏதேனும் இருக்கிறதா, இதழ்களின் கோட்டில் ஏதேனும் தளர்கிறதா என்று ஒரு துப்பறிவாளனைப்போல் தேடினேன். அவ்வாறு தேடிக்கொண்டிருந்தபோதுதான், இதே தேடலை வேறோர் இடத்தில் கண்டிருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது.

நான் முன்பு பணியாற்றிய பங்கு ஒன்றில், இருபத்து மூன்று வயது மகனை அவ்வாறு இழந்த வீட்டிற்குச் சென்றிருந்தேன். அடக்கத்துக்கு முந்திய இரவு. தாயார் ஒரு நிழற்படத்தை என்னிடம் கொடுத்தார்.

“சாமி, இது போன மாசம் கல்யாண வீட்டுல எடுத்தது. இந்த மொகத்துல ஏதாச்சும் தெரியுதா, பாருங்க.”

பார்த்தேன். புதுச்சட்டை, நண்பன் தோளில் கை. “ஒண்ணும் தெரியலம்மா. நல்லாச் சிரிக்கிறான்” என்றேன்.

“எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது சாமி. அதான் விட்டுட்டேன்.”

எத்தனையோ இறையியல் ஏடுகளைப் புரட்டிய எனக்கு அந்த நேரத்தில் சொல்வதற்கு ஒன்றும் வரவில்லை. அந்தத் தாய் அப்படத்தைச் சான்றுப் பொருளாக்கித் தம்மையே விசாரித்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்தப் படம் பொய் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் அந்தப் பையன் உண்மையாகவே மகிழ்ந்திருந்தான் என்று நம்புவதற்கு எனக்குத் தடையேதும் இல்லை. சில நாள் கழித்து அதை அவரிடம் சொன்னேன். ஏற்றுக்கொண்டாரா என்று அறியேன். ஆனால் படத்தைத் திருப்பி வாங்கும்போது அதன் கண்ணாடியை முந்தானையால் துடைத்தார்.

மறுநாள் காலை ஆலயத்தில் அவனுக்காகத் திருப்பலி நிறைவேற்றினேன். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அறிந்தும் வேண்டியும் உயிரை மாய்த்துக்கொண்டவருக்கு, இறப்பதற்குமுன் மனம் வருந்திய அடையாளம் இல்லையெனில், திருச்சபையின் அடக்கச் சடங்கை மறுத்தது 1917-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு. கல்லறைத் தோட்டத்தின் வேலிக்கு அப்பால், செபமின்றிப் புதைக்கப்பட்டவர்களைப் பற்றி மூத்த குருக்கள் தாழ்ந்த குரலில் பேசக் கேட்டிருக்கிறேன். 1983-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு, அடக்கம் மறுக்கப்படுவோர் பட்டியலில் அவர்களைச் சேர்க்கவில்லை. கடும் உளநலக் குலைவும் பேரச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழத்தலாகாது என்றும் 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடு கற்பிக்கிறது.

ஆனால் இது இருபதாம் நூற்றாண்டில் திடீரென்று பிறந்த இரக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 1614-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூலிலேயே ஒரு சிறு விலக்கு உண்டு. அவநம்பிக்கையாலோ சினத்தாலோ தம்மை மாய்த்துக்கொண்டவர்க்கு அடக்கச் சடங்கை மறுக்கும் அந்நூல், மதி கலங்கிய நிலையில் நேர்ந்ததாயின் மறுக்கலாகாது என்கிறது. திரிகோவுக்குச் சீன மொழி வழிபாட்டை வழங்கிய அதே ஐந்தாம் பவுல். அந்தச் சில சொற்கள் ஹாங்சோவில் அழுதுகொண்டு நின்ற உடன்பிறப்புகளில் எவருக்கேனும் நினைவில் வந்திருக்குமா என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. அவர்கள் பேசாமல் இருந்ததை நான் கடுமையாகத் தீர்ப்பிட மாட்டேன். பகைவர் நடுவே பணி செய்வோர். ஒரு மரணத்தை வைத்து முழுப் பணியையும் இகழ்வார்களே என்னும் அச்சம் அவர்களுக்கு இருந்திருக்கும். நம் பங்குகளிலும் குடும்பங்கள் ‘நெஞ்சுவலி’ என்று சொல்லிவிடுவது அதே அச்சத்தால்தான். எனினும் அந்த மௌனத்தில் மரணம் மட்டும் மறையவில்லை. மனிதரும் சேர்ந்தே மங்கிப்போனார். பெருநூல் எழுதிய, கடல்களைக் கடந்த, பாப்பரசரிடம் இசைவு பெற்ற திரிகோவை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ரிச்சியின் பெயர் நிலைத்த அளவில் பத்தில் ஒரு பங்கும் இவர் பெயர் நிலைக்கவில்லை.

ஆகவேதான் அந்தத் தாளின்மீது எனக்கு இத்தனை பற்று. அது மௌனத்துக்கும் முந்தியது, மரணத்துக்கும் முந்தியது. ரூபன்சுக்கு 1628 தெரியாது. திரிகோவுக்கும் தெரியாது. பின்னால் வந்த நமக்குத் தெரிந்ததை அந்த முகத்தில் ஏற்றிப் படிக்க நமக்கு உரிமை இல்லை என்பதே என் துணிபு. கரவாஜியோவின் கண்களில் கொலையையும், இசபெல்லாவின் சிரிப்பில் மரணத்தையும் தேடுவது எப்படியோ, அப்படியே இதுவும். காவிக்கட்டி அந்தக் கன்னத்தைத் தொட்டபோது அதன் கீழே சூடான குருதி ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவே கட்டிக்குத் தெரியும்.

இப்போது அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் முகத்தில் நெடுநேரம் நிற்பதில்லை. தாளில் இலத்தீனில் எழுதப்பட்டுள்ள சில வரிகளுக்குச் சென்றுவிடுகிறேன். உயிரைப் பற்றியோ மறையைப் பற்றியோ அவை பேசவில்லை. துணியின் நிறத்தைப் பற்றிப் பேசுகின்றன. இந்தக் கரிய நிறம் சீன அறிஞர்க்கு உரியதன்று, இயேசு சபைத் தந்தையர்க்கே உரியது; நீலப் பட்டைகள் மட்டும் எல்லார்க்கும் பொது; சீனர் ஒரே நிறத்தில் நில்லாது விரும்பிய நிறங்களையெல்லாம் உடுத்துவர், மஞ்சள் ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டும், அது அரசருடையது என்பது அவற்றின் சாரம். ஓவியத்தில் நிறம் தவறிவிடக் கூடாதே என்று குறித்துக்கொண்ட வேலைக் குறிப்பு. சீனத்தைக் காணாத ரூபன்சுக்கு இவை எப்படித் தெரிந்திருக்கும்? எதிரே நின்றவர்தான் சொல்லியிருப்பார். ஆன்ட்வெர்ப்பின் சனவரிக் குளிரில், கனத்த அங்கியோடு அசையாமல் நிற்கச் சொன்ன வேளையிலும், கையை நீட்டி ஓரப் பட்டையைத் தொட்டுக் காட்டி, இது நீலம், கருப்பு எங்களுக்கு மட்டும், மஞ்சளை மட்டும் தொட்டுவிடாதீர்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். ரூபன்சு கட்டியை வைத்துவிட்டு எழுதுகோலை எடுக்கிறார்.